வாசகர் கேள்விகள்: ஒரே தட்டில் இரண்டு வடிவம்

ஒளித்தட்டுகளைப் பற்றி இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்த கடிதங்கள் பலவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே செல்வதால், அவற்றை ஒன்றாகத் தொகுத்து இம்முறை பதில் அளிக்கிறோம். ஒரே தட்டில் இரண்டு வடிவங்களைச் சேர்த்துத் தயாரிக்கப்பட்ட ‘ஹைப்ரிட்’ தட்டுகளை இங்கே கலப்புத் தட்டுகள் என்று குறிப்பிடுகிறோம்.

கேள்வி: ஒரு பக்கம் சிடியாகவும் மறுபக்கம் டிவிடியாகவும் அமைந்த ‘டூயல்டிஸ்க்’ இசைத்தட்டுகள் சில என்னிடம் உள்ளன. இசைப் பக்கம் சிடி வரையறைக்கு உட்பட்டதல்ல என்றும், எல்லாப் பிளேயர்களிலும் ஓடாமல் போகலாம் என்றும் உறையின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் என்னுடைய பிளேயரில் அவை ஒரு குறையும் இல்லாமல் பாடுகின்றன. பாடுகிற தட்டை ஏன் சிடி அல்ல என்று சொல்ல வேண்டும்?

பதில்: அந்தப் பொடி எழுத்து வெறும் தற்காப்புக்காக எழுதப்பட்டதன்று. அது உண்மையைச் சொல்கிறது. அந்த உண்மை ஒரு சிறு கூட்டல் கணக்கில் அடங்கியிருக்கிறது.

சிடியின் அடிப்படை வரையறை, பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 1980இல் உருவாக்கிய ‘ரெட் புக்’ என்ற ஆவணம். பிற்பாடு இது ஐஈசி 60908 என்ற எண்ணுடன் சர்வதேசத் தரநிலையாகவும் வெளியானது. 120 மி.மீ. விட்டம், 15 மி.மீ. நடுத்துளை, 780 நானோமீட்டர் லேசர், 1.6 மைக்ரோமீட்டர் தடத்து இடைவெளி என்று அதில் அளவுகள் பல உண்டு. நம் கேள்விக்கு வேண்டியது ஒன்றுதான்: லேசர் கதிர் கடந்து செல்லும் பிளாஸ்டிக்கின் தடிமன். அது 1.2 மி.மீ. இருக்க வேண்டும், கூடவோ குறையவோ 0.1 மி.மீ. வரைதான் விலகலாம். அதாவது 1.1 மி.மீட்டருக்குக் கீழே போகக் கூடாது.

டிவிடியின் அமைப்பு வேறு. அதில் 0.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு வட்டத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டப்படுகின்றன. கதிர் கடப்பது அதில் ஒரு தகட்டை மட்டும். ஒட்டிய பின் வரும் மொத்தத் தடிமன் 1.5 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது. இப்போது ஒரு சிடியையும் ஒரு டிவிடித் தகட்டையும் முதுகோடு முதுகாக ஒட்டிப் பாருங்கள். 1.2உம் 0.6உம் சேர்ந்தால் 1.8 மி.மீ. ஆகிறது. இரு பக்கமும் அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த அளவுக்கு இழைத்துக்கொண்டாலும்கூட 1.6 மி.மீட்டருக்கு மேலேதான் நிற்கும். எந்த வகையில் கூட்டினாலும் 1.5க்குள் அடங்காத கணக்கு இது.

டூயல்டிஸ்க்கைத் தயாரித்தவர்கள் இதை எப்படித் தீர்த்தார்கள் என்றால், மொத்த வரம்பான 1.5இல் டிவிடிக்கு அதன் முழுப் பங்கான 0.6ஐக் கொடுத்துவிட்டு, மீந்திருந்த 0.9 மி.மீட்டரைச் சிடிப் பக்கத்துக்கு ஒதுக்கினார்கள். ஆகவே டிவிடிப் பக்கம் தன் வரையறைக்கு முழுமையாக உட்பட்டது. சிடிப் பக்கமோ அனுமதிக்கப்பட்ட விலகலைப் போல மூன்று மடங்கு விலகி நிற்கிறது. உங்கள் தட்டில் ‘காம்பாக்ட் டிஸ்க்’ இலச்சினை எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், இருக்காது. உறையில் எழுதியுள்ள வாசகத்தைவிட இந்த இலச்சினை இல்லாமையே உறுதியான சாட்சி.

சரி, பிறகு எப்படிப் பாடுகிறது? தட்டின் பிளாஸ்டிக்கை வெறும் உறையாக நினைத்துவிடக் கூடாது. பிளேயரின் ஒளியியல் அமைப்பில் கடைசி உறுப்பு அதுதான். தட்டின் பரப்பைத் தொடும்போது ஏறக்குறைய 0.8 மி.மீ. அகலம் உள்ள கதிர், பிளாஸ்டிக்குக்குள் குவிந்துகொண்டே சென்று, தரவைக் குறிக்கும் நுண்ணிய குழிகள் இருக்கும் அடுக்கை அடையும்போது ஏறத்தாழ 1.7 மைக்ரோமீட்டர் அகலப் புள்ளியாகச் சுருங்குகிறது. சிடி பிளேயரின் வில்லை 1.2 மி.மீ. பிளாஸ்டிக்கை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. 0.9 மி.மீ. மட்டுமே இருந்தால், வில்லையை முன்பின் நகர்த்திக் குவியத்தைச் சரிசெய்துகொள்ள முடியும். ஆனால் வில்லையின் ஓரத்து வழியாக வரும் கதிரும் நடுவழியாக வரும் கதிரும் ஒரே இடத்தில் சேராமல் போகும் கோளப் பிறழ்ச்சியை நகர்த்துவதால் மட்டும் போக்க முடியாது. புள்ளி சற்றே மங்கலாகிறது. சிடியின் வில்லை அதிகம் ‘அகன்ற பார்வை’ உடையதல்ல என்பதாலும், அதன் எண்ணியல் துளை (கதிரை எவ்வளவு அகன்ற கூம்பாகக் குவிக்கிறது என்பதன் அளவு) 0.45 மட்டுமே என்பதாலும், இந்த மங்கலைப் பெரும்பாலான பிளேயர்கள் தாங்கிக்கொள்கின்றன. இதே அளவு விலகலை டிவிடியிடமோ ப்ளூ-ரேயிடமோ காட்டியிருந்தால் படிப்பது கேள்விக்குறிதான். சில தயாரிப்பாளர்கள் சிடிப் பக்கத்தில் குழிகளை வழக்கத்தைவிடப் பெரிதாக்கிப் படிக்க எளிதாக்கினார்கள்; அதற்கு விலையாகப் பாடும் நேரம் 74 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் அளவுக்குக் குறைந்தது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. சிடியில் வினாடிக்கு 7,350 தரவுச் சட்டங்கள், அதாவது தரவின் சிறு தொகுப்புகள், ஓடுகின்றன. அவற்றில் 3 சதவீதம் வரை, அதாவது வினாடிக்குச் சுமார் 220 சட்டங்கள் வரை பிழையோடு வரலாம் என்று வரையறையே இடம் கொடுக்கிறது. அவற்றைப் பிழைதிருத்த முறை காதுக்குத் தெரியாமல் சீராக்கிவிடும். மங்கலான புள்ளியால் கூடுதலாக வரும் பிழைகளும் இதே கணக்கில்தான் ஏறுகின்றன. ஆகையால் புதிய தட்டு சுத்தமாகப் பாடும். நாளை அதில் ஒரு கீறல் விழும்போது, கீறலுக்காக வைத்திருந்த சேமிப்பில் ஒரு பகுதியைத் தடிமன் குறை ஏற்கெனவே செலவழித்துவிட்டது தெரியவரும். உங்கள் பிளேயரில் பாடுவது உண்மை. அது வரையறையின் தயவால் அல்ல, உங்கள் பிளேயரின் தாராளத்தால்.

கேள்வி: மேற்கண்டது போன்ற விளக்கங்களைப் படித்திருக்கிறேன். எனக்கென்னவோ இது வீண் சம்பிரதாயமாகத் தோன்றுகிறது. ஓடினால் நல்ல தட்டு, ஓடாவிட்டால் கெட்ட தட்டு என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?

பதில்: வைத்துக்கொள்ளலாம், ஆனால் அப்படி வைத்துக்கொண்டால் நல்ல தட்டு ஒன்றைக் கெட்ட தட்டென்று தள்ளிவிடுவீர்கள். 1997 வாக்கில் அறிமுகமான, அழித்து எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆரஞ்சு புக்’ என்ற வரையறையின் மூன்றாம் பாகத்துக்கு அது முழுக்க உட்பட்டது. ஆனால் சாதாரணச் சிடி தன்மேல் விழும் ஒளியில் 70 சதவீதத்தையாவது திருப்பி அனுப்ப வேண்டும் என்றிருக்க, இது 15 முதல் 25 சதவீதம் வரைதான் திருப்புகிறது. அதனால் அதற்கு முன்பு வந்த பிளேயர்கள் பல அதைத் தட்டாகவே கண்டுகொள்ளவில்லை. வரையறைக்கு உட்பட்டது ஓடவில்லை. வரையறைக்கு உட்படாத டூயல்டிஸ்க் ஓடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ‘ஓடுகிறதா’ என்பதும் ‘உட்பட்டதா’ என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பது விளங்கும். முதல் கேள்விக்கு உங்கள் வீட்டுப் பிளேயர் பதில் சொல்லும். இரண்டாவது கேள்வி, நீங்கள் பார்த்திராத, இன்னும் தயாரிக்கப்படாத பிளேயர்களையும் சேர்த்துக் கேட்கப்படுவது.

கேள்வி: சிடியைவிடத் துல்லியமான ஒலிக்காக வந்த சூப்பர் ஆடியோ சிடி வகையிலும் ‘ஹைப்ரிட்’ என்று அச்சிட்ட தட்டுகள் வருகின்றன. அவற்றில் சிடி இலச்சினையும் தாராளமாகக் காணப்படுகிறது. டூயல்டிஸ்க்குக்கு மறுக்கப்பட்டது இதற்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? இரண்டு இலச்சினைகளுக்கும் பின்னால் அதே நிறுவனங்கள் இருப்பதால் கிடைத்த சலுகையா?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. 1999இல் ‘ஸ்கார்லெட் புக்’ என்ற பெயரில் சூப்பர் ஆடியோ சிடியை வரையறுத்தவர்களும் பிலிப்சும் சோனியும்தான். இருந்தாலும் இதைச் சலுகை என்று சொல்ல முடியாது. கட்டுமானத்திலேயே சிடியின் இடத்தைத் தொடாமல் விட்டதற்குக் கிடைத்த பலன் இது.

டூயல்டிஸ்க் இரண்டு வடிவங்களையும் முதுகோடு முதுகாக வைத்தது. கலப்புச் சூப்பர் ஆடியோ சிடி இரண்டையும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக அடுக்கியது. கதிர் நுழையும் பரப்பிலிருந்து 0.6 மி.மீ. ஆழத்தில், 4.7 ஜிபி கொள்ளளவுள்ள உயர் அடர்த்தி அடுக்கு இருக்கிறது. அதையும் கடந்து 1.2 மி.மீ. ஆழத்தில், சிடிக்கு உரிய அதே இடத்தில், சிடி அடுக்கு இருக்கிறது. மேலடுக்கின் பூச்சு, சூப்பர் ஆடியோ பிளேயரின் 650 நானோமீட்டர் சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும். சிடி பிளேயரின் 780 நானோமீட்டர் கதிருக்கு வழிவிட்டுவிடும். சாதாரணச் சிடி பிளேயரைப் பொறுத்தவரை நடுவில் ஒரு அடுக்கு இருப்பதே தெரியாது. அது எதிர்பார்க்கும் ஆழத்தில், எதிர்பார்க்கும் அளவுள்ள குழிகள், 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் இசையோடு காத்திருக்கின்றன. தட்டின் மொத்தத் தடிமனும் சிடியின் தடிமனே.

ஒரு தட்டு தரநிலைக்கு உட்பட்டதா என்று மொத்தமாகக் கேட்பதே பெரும்பாலும் குழப்பத்துக்குக் காரணம். வரையறை நூல் ஒவ்வொன்றும் தன்னுடைய அடுக்கைப் பற்றித்தான் பேசுகிறது. கலப்புத் தட்டுகள் இரண்டு விதம்: வரையறை காலியாக விட்ட இடத்தில் குடியேறுபவை ஒன்று, வரையறை ஏற்கெனவே பிடித்து வைத்த இடத்தில் கொஞ்சத்தை அபகரித்துக்கொள்பவை மற்றொன்று. முதல் வகையில் இரண்டு அடுக்குகளுமே உட்பட்டவையாக இருக்க முடியும். இரண்டாவது வகையில் ஏதேனும் ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். கீழே வரும் கேள்விகள் பெரும்பாலானவற்றுக்கும் இந்த வேறுபாட்டைக் கொண்டே விடை காணலாம்.

கேள்வி: பாட்டுச் சிடிக்குள்ளேயே கணினியில் திறக்கும் படங்களும் கோப்புகளும் கொண்ட தட்டுகள் ஒரு காலத்தில் நிறைய வந்தன. சிலவற்றை இசைக் கருவியில் போட்டால் முதல் தடத்தில் காதைப் பிளக்கும் இரைச்சல் வந்தது, சிலவற்றில் வரவில்லை. இவற்றில் எது முறையானது?

பதில்: விந்தை என்னவென்றால், இரண்டுமே முறையானவை. இரைச்சல் வந்தது ‘மிக்ஸ்டு மோட்’ எனப்படும் முறையில் தயாரான தட்டாக இருக்கும். அதில் முதல் தடம் கணினித் தரவு. அடுத்த தடங்கள் இசை. கணினிச் சிடிக்கான ‘யெல்லோ புக்’ வரையறை இதற்கு இடம் தருகிறது. முதல் தடம் தரவு என்பதைத் தெரிவிக்கும் குறியும் தட்டிலேயே பதியப்பட்டிருக்கிறது. அந்தக் குறியைப் படித்து மௌனம் காக்கும் பிளேயர்களில் சிக்கல் இல்லை. தரவுத் தட்டு என்ற ஒன்று வரப்போவதை அறியாமல் முன்னரே தயாரான பிளேயர்கள், கோப்பின் பிட்டுகளை இசையென்று நினைத்து ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிட்டன. உங்கள் காதைப் பிளந்தது ஒருவேளை ஒரு படக்கோப்பின் ஒலிவடிவமாக இருந்திருக்கலாம்.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டுவதற்காகவே 1995இல் ‘புளூ புக்’ என்ற வரையறை வந்தது. அதன்படி இசைத் தடங்கள் முதல் அமர்வில் (தனித் தொடக்கமும் முடிவும் கொண்ட பதிவுப் பகுதியில்) முழுமையாக முடிந்துவிடும். தரவு, இரண்டாவது அமர்வில் தனியாக நிற்கும். இசைப் பிளேயர் தட்டின் தொடக்கத்திலுள்ள பொருளடக்கத்தை மட்டும் படிப்பதால் இரண்டாவது அமர்வு அதன் கண்ணுக்கே படாது. கணினியோ கடைசி அமர்வைத் தேடிச் செல்லும். முன்பு சொன்ன காலியிடக் குடியேற்றத்துக்கு இது நல்ல உதாரணம். இடம் காலி என்றாலும் இலவசம் அல்ல: முதல் அமர்வை முடித்து வைக்கும் பகுதிக்கு 6,750 செக்டார்கள் (தட்டில் தரவைப் பதிக்கும் சிறு அலகுகள்), இரண்டாவது அமர்வைத் தொடங்கும் பகுதிக்கு 4,500 செக்டார்கள், அதன் பின் 150 செக்டார் இடைவெளி என்று மொத்தம் 11,400 செக்டார்கள் எல்லைச் சுவருக்கே போய்விடுகின்றன. வினாடிக்கு 75 செக்டார் என்ற கணக்கில் அது இரண்டரை நிமிடப் பாட்டுக்குச் சமம்.

கேள்வி: பழைய மென்பொருள் தட்டு ஒன்று விண்டோஸ் கணினியில் ஒரு கோப்புப் பட்டியலையும், மேக் கணினியில் வேறொரு பட்டியலையும் காட்டுகிறது. ஒரே தட்டு இரண்டு விதமாகத் தோன்றுவது ஐஎஸ்ஓ 9660 தரநிலைக்கு முரண் ஆகாதா?

பதில்: ஆகாது. இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1988இல் வெளியான ஐஎஸ்ஓ 9660, சிடியில் கோப்புகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று சொல்லும் தரநிலை. அதை எழுதியவர்கள் தட்டின் தொடக்கத்தில் 0 முதல் 15 வரையுள்ள 16 செக்டார்களைக் கணினி அமைப்பின் பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கிவிட்டு, அவற்றினுள் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தாங்கள் வரையறுக்கவில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். செக்டாருக்கு 2,048 பைட் வீதம் இது 32,768 பைட் கொண்ட ஒரு திறந்த திண்ணை. தரநிலையின் ஆட்சி 16ஆவது செக்டாரில்தான் தொடங்குகிறது. அந்தச் செக்டாரின் முதல் பைட்டில் 1 என்ற எண்ணும், அதையடுத்து ‘சிடி001’ என்ற ஐந்தெழுத்து அடையாளமும் இருக்கும். விண்டோஸ் போன்ற இயங்குதளங்கள் நேராக இங்கே வந்து இந்த அடையாளத்தைத்தான் தேடுகின்றன.

மேக் கணினி அப்படிச் செய்வதில்லை. அது முதலில் தட்டின் தொடக்கத்தைப் பார்க்கும்; அங்கே ஆப்பிளின் பகுப்பு அட்டவணை (தட்டு எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிந்துள்ளது என்ற பட்டியல்) இருந்தால், அது காட்டும் இடத்திலுள்ள, மேக்குக்கே உரிய எச்எஃப்எஸ் கோப்பு முறைமையைத் திறந்துகொள்ளும். கலப்புத் தட்டைத் தயாரிப்பவர் செய்வதெல்லாம், அந்த அட்டவணையை இந்தத் திறந்த திண்ணையில் வைப்பதுதான். எச்எஃப்எஸ்-இன் கோப்பு விவரப் பதிவேடுகள், ஐஎஸ்ஓ 9660 தன் பார்வையில் எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லை என்று கருதும் செக்டார்களில் அமர்ந்திருக்கும். இதில் நுட்பமான பகுதி, இரு தரப்புக்கும் பொதுவான கோப்புகளை இரண்டு முறை பதிக்கத் தேவையில்லை என்பது. ஒரே செக்டார் தொகுதியை இரண்டு பதிவேடுகளும் சுட்டிக்காட்டும். ஒரே வீட்டுக்கு இரண்டு தெருவிலும் வாசல் வைத்ததைப் போன்ற ஏற்பாடு இது. ஐஎஸ்ஓ 9660 சொல்லும் ஒரு விதியையும் இது மீறவில்லை.

இதே திண்ணையில் பின்னாளில் இன்னொருவரும் வந்து குடியேறினார். லினக்ஸ் நிறுவல் தட்டுகளின் ஐஎஸ்ஓ கோப்பை (முழுத் தட்டின் நகலாக அமைந்த ஒற்றைக் கோப்பை) அப்படியே யுஎஸ்பி பென்டிரைவில் எழுதினாலும் கணினி அதிலிருந்து தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ‘ஐஎஸ்ஓஹைப்ரிட்’ என்ற இந்த உத்தியில், கணினியைத் தொடங்க வைப்பதற்காக வன்தட்டில் இருக்க வேண்டிய துவக்கப் பதிவு அந்தக் கோப்பின் முதல் 512 பைட்டுகளில் வைக்கப்படுகிறது. தட்டாக எழுதினால் அதை யாரும் பார்ப்பதில்லை; பென்டிரைவில் எழுதினால் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஐஎஸ்ஓ 9660இன் கண்ணோட்டத்தில் இதிலும் பிழை காண இயலாது. வன்தட்டுப் பகுப்பு அட்டவணையின் கண்ணோட்டத்தில் பார்த்தால், அதிலுள்ள பகுப்பின் எல்லைகள் சற்று வலிந்து எழுதப்பட்டவை என்பதால், சில பகுப்புக் கருவிகள் முணுமுணுப்பது உண்டு.

டிவிடி வீடியோவுக்கு வரும்போது கதையே மாறிவிடுகிறது. அங்கே யுடிஎஃப் கோப்பு முறைமையும் ஐஎஸ்ஓ 9660 முறைமையும் ஒரே தட்டில் சேர்ந்திருக்கும் ‘பிரிட்ஜ்’ அமைப்பை வரையறையே கேட்கிறது. சிடியில் வரையறையின் ஓரத்தில் ஒதுங்கி வாழ்ந்த கலப்பு, டிவிடியில் வரையறையாகவே ஆகிவிட்டது.

கேள்வி: நகலெடுக்க முடியாதபடி பூட்டப்பட்ட பாட்டுச் சிடிகளும் கலப்புத் தட்டு வகையைச் சேர்ந்தவைதானா?

பதில்: வெளித்தோற்றத்தில் ஆம், நோக்கத்தில் இல்லை. 2000க்குப் பின் சில ஆண்டுகள் வெளிவந்த அத்தகைய தட்டுகளில் பல, மேலே சொன்ன இரண்டாம் அமர்வையே கணினியைத் தடுமாற வைக்கும் பொறியாகப் பயன்படுத்தின. சில, பிழைதிருத்தத் தகவலை வேண்டுமென்றே கெடுத்து வைத்தன. முந்தியது புளூ புக்கின் நல்ல ஏற்பாட்டைக் குறுக்கு வழிக்குப் பயன்படுத்துவது. பிந்தியது ரெட் புக்கின் அடிமடியிலேயே கைவைப்பது. இவை சிடி அல்ல, சிடி இலச்சினையை இவற்றில் அச்சிடக் கூடாது என்று பிலிப்ஸ் நிறுவனம் 2002இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அதே ஆண்டில் தட்டின் வெளி ஓரத்தில் மார்க்கர் பேனாவால் மை தீட்டி இரண்டாம் அமர்வை மறைத்தே சிலர் இந்தப் பூட்டைத் திறந்தார்கள் என்பது இதன் பின்குறிப்பு.

கேள்வி: தரநிலையை மீறினால் யார் தண்டிப்பார்கள்?

பதில்: தரநிலை என்பது சட்டம் அன்று, அதை ஏற்பதும் ஏற்காததும் தயாரிப்பாளரின் விருப்பம். பிடி முழுவதும் இலச்சினையில்தான் இருக்கிறது. சிடி இலச்சினையைப் பயன்படுத்த பிலிப்சின் உரிமமும், டிவிடி இலச்சினையைப் பயன்படுத்த அதற்கென அமைந்த உரிம நிறுவனத்தின் உரிமமும் வேண்டும். உரிமத்தைப் பெற்றவர் வரையறைப்படியே தயாரிப்பதாக ஒப்பந்தத்தில் கட்டுப்படுகிறார். இலச்சினை இல்லாமல் வெறும் வட்டத் தட்டாக விற்பவரைக் கேட்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. டூயல்டிஸ்க் தனக்கென ஒரு பெயரையும் தனி இலச்சினையையும் உண்டாக்கிக்கொண்டதற்கும் இதுவே காரணம்.

கேள்வி: ப்ளூ-ரேயும் டிவிடியும் ஒரே பக்கத்தில் சேர்ந்த தட்டு இருப்பதாக நண்பர் ஒருவர் சொல்கிறார். டூயல்டிஸ்க்கின் தடிமன் சிக்கல் இதற்கும் வராதா?

பதில்: வராது. ப்ளூ-ரேயின் தரவு அடுக்கு பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்திலும், டிவிடியினுடையது 0.6 மி.மீ. ஆழத்திலும் இருப்பதால் இரண்டும் ஒன்றின் இடத்தை மற்றது கேட்பதில்லை. மேலடுக்கு 405 நானோமீட்டர் நீலக்கதிரைத் திருப்பி, சிவப்புக் கதிருக்கு வழிவிட்டால் போதும். சூப்பர் ஆடியோ சிடியில் கண்ட அதே தந்திரம்தான். ஜேவிசி நிறுவனம் 2004இலேயே இதைச் செய்துகாட்டியது. 2009இல் ஜப்பானில் விற்பனைக்கும் வந்தது. ப்ளூ-ரேயின் போட்டியாளரான எச்டி டிவிடிக்கு வேலை வேறு மாதிரி இருந்தது. அதன் அடுக்கும் டிவிடியைப் போலவே 0.6 மி.மீ. ஆழத்தில் இருந்ததால், டிவிடியின் ஈரடுக்கு அமைப்பையே எடுத்து ஓர் அடுக்கை ஒன்றுக்கும் மற்றதை மற்றதற்கும் கொடுத்துவிட முடிந்தது. ப்ளூ-ரே ஒரு பக்கமும் எச்டி டிவிடி மறுபக்கமுமாக வார்னர் நிறுவனம் 2007 ஜனவரியில் அறிவித்த தட்டு கடைக்கு வரவே இல்லை. 2008 பிப்ரவரியில் டோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டதோடு அதற்கான தேவையும் போய்விட்டது.

கேள்வி: நூலகம் ஒன்றின் ஒலி, ஒளிப் பிரிவில் பணியாற்றுகிறேன். கலப்புத் தட்டுகளைப் பதிவேட்டில் எந்த வடிவத்தின் கீழ் சேர்ப்பது, நகலெடுத்துப் பாதுகாக்கும்போது எதைக் கவனிப்பது என்று சொல்ல முடியுமா?

பதில்: ஒரு தட்டுக்கு ஒரு வடிவம் என்ற பத்தியை முதலில் கைவிடுங்கள். பக்கம், அடுக்கு, அமர்வு என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வரி ஒதுக்கி, அதில் எந்த இலச்சினை அச்சிடப்பட்டுள்ளது என்பதையும் எழுதுங்கள். டூயல்டிஸ்க் என்றால் டிவிடிப் பக்கத்தை டிவிடி என்றும், இசைப் பக்கத்தைச் ‘சிடி போன்றது, இலச்சினை இல்லை’ என்றும் குறிப்பதே நேர்மையான பதிவு. சந்தேகமாக இருந்தால் வெர்னியர் அளவுகோலை ஓரத்தில் வைத்துப் பாருங்கள். சாதாரணச் சிடி 1.2 மி.மீட்டரை ஒட்டி நிற்கும், டூயல்டிஸ்க் 1.5ஐ எட்டிப் பிடிக்கும். மேலும் அதன் இரு பக்கமும் படிக்கும் பரப்பு என்பதால், நடுத்துளையைச் சுற்றியுள்ள குறுகிய வளையத்தைத் தவிர வேறெங்கும் எழுத்து அச்சிட்டிருக்காது. தட்டை உள்ளிழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் இதைப் போடாமல் இருப்பது நல்லது; தடிமன் வரம்பின் கடைசி விளிம்பில் இருப்பதால் உள்ளே போனது வெளியே வரத் தயங்கலாம்.

நகலெடுக்கும்போது, விண்டோஸ்-மேக் கலப்புத் தட்டிலிருந்து கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டால் அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்த ஒரு பாதிதான் வந்து சேரும். செக்டார் செக்டாராக முழுத் தட்டையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுத்தால் திண்ணையும் சேர்ந்து வரும். பழைய எச்எஃப்எஸ் முறைமையைப் படிக்கும் வசதியை 2019இல் வந்த மேக்ஓஎஸ் 10.15 பதிப்பிலிருந்து ஆப்பிள் நீக்கிவிட்டதால், புதிய மேக்கில் அந்தப் பாதி தெரியவில்லை என்றால் தட்டு கெட்டுவிட்டதாக எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம். இசையும் தரவும் சேர்ந்த தட்டுகளுக்கு ஐஎஸ்ஓ பிம்பம் போதாது. அதில் தரவுத் தடம் மட்டுமே அடங்கும். இசைத் தடங்களையும் தடங்களின் எல்லைக் குறிப்புகளையும் சேர்த்துப் பதியும் வடிவம் தேவை. இரண்டு அமர்வுகள் இருந்தால், அமர்வு எங்கே பிரிகிறது என்பதும் அந்தக் குறிப்பில் பதிவாகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கலப்புச் சூப்பர் ஆடியோ சிடியின் உயர் அடர்த்தி அடுக்கைக் கணினியின் சாதாரண டிவிடி டிரைவ் படிக்காது. உங்கள் நகலில் வந்திருப்பது சிடி அடுக்கு மட்டுமே என்பதைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். இல்லையேல் பின்னால் வருபவர் முழுத் தட்டும் பத்திரமாக இருக்கிறது என்று நம்பி மூலத்தட்டைக் கழித்துக் கட்டிவிடுவார்.